அந்தப் பேய்க்கு என்ன வேண்டுமாம்?

சென்ற ஆண்டு அம்மாவின் இரண்டு கண்களுக்கும் அடுத்தடுத்துக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டுக்கும் இடையில் ஆறு வாரம். அந்த நாட்களில் தொலைக்காட்சி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று அவர் அதைத் தொடவே இல்லை. மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து, கம்பெனி பஸ் பிடித்து, ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு நான் வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிடும். கூடத்து விளக்கை அணைத்துவிட்டுச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் செருப்பைக் கழற்றும்போதே, "ஏதாவது கதை சொல்லேன்" என்றார். அப்போது என் பையில் இருந்தது, பஸ்ஸில் பாதி படித்திருந்த ஓர் ஆங்கில நாவல். நாற்காலி, கட்டில் விற்கும் பெரிய கடையில் பேய் புகுந்த கதை. அதையே சொன்னேன்.

அன்று தொடங்கியது இன்னும் நிற்கவில்லை. அம்மாவின் கண் தெளிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் சாப்பிட்ட பின் விளக்கை அணைத்துவிட்டுக் கதை கேட்கிறார்.

சிரிக்கவும் வைத்துப் பயமும் காட்டுகிற கதைகளையும், சிரிக்க வைக்கிற அறிவியல் கதைகளையும் நான் 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்து வருகிறேன். பெரும்பாலும் சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் வாங்குவேன். கீழே ஜாதிக்காய் ஊறுகாய் வாசனை. மேலே கூரை முட்ட அடுக்கிய புத்தகங்கள். எந்த அடுக்கில் எது இருக்கிறது என்பது கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். இந்த வகைப் புத்தகங்களை யாரும் மதிப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இவை விளையாட்டு. பேய்க்கதைப் பிரியர்களுக்கு இவற்றில் பயம் போதாது. அறிவியல் கதை வாசகர்களுக்கு அறிவியல் போதாது. எனக்கோ, இவற்றுள் நல்லவை நம் வாழ்க்கையைச் சொல்வதுபோல் வேறு எதுவும் சொல்வதில்லை என்ற எண்ணம். ஏன் அப்படி என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை. அம்மாவுக்குக் கதை சொல்லத் தொடங்கிய பிறகுதான் அது விளங்கியது.

முதல் புத்தகம் கிரேடி ஹென்ட்ரிக்ஸ் 2014-இல் எழுதிய 'ஹாரர்ஸ்டோர்'. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து பகுதியில் ஒரு மரச்சாமான் பெருங்கடை. ஸ்வீடன் கடையைப் பார்த்து நகல் எடுத்த அமெரிக்கக் கடை. காலையில் திறந்து பார்த்தால் பொருட்கள் உடைந்தும் அழுக்காகியும் கிடக்கின்றன. யார் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, ஏமி என்ற பெண்ணும் வேறு சில ஊழியர்களும் ஓர் இரவு அங்கேயே தங்குகிறார்கள். அந்த இடத்தில் முன்பு ஒரு சிறைச்சாலை இருந்தது பிறகு தெரிய வருகிறது. புத்தகமே கடையின் விலைப்பட்டியல் போல அச்சாகியிருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு சாமானின் படமும் விளம்பர வாசகமும் இருக்கும். முதலில் சோபா வருகிறது. போகப் போக அதே இனிமையான விளம்பர நடையில் ஆளைக் கட்டிப்போடும் நாற்காலி வருகிறது. அந்தப் படங்களைக் கண்ணில் கட்டுப் போட்டிருந்த அம்மாவுக்கு நான் வாயால்தான் காட்ட வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு அந்தக் கடை உடனே புரிந்துவிட்டது. 2019-இல் பத்து காவானில் ஐகியா என்ற அந்த ஸ்வீடன் கடை திறந்தபோது என் தம்பி குடும்பத்தோடு அவரும் போயிருந்தார். தரையில் உள்ள அம்புக்குறியைப் பின்பற்றி நடந்து நடந்து கால் ஓய்ந்து, மாதிரி வீடு ஒன்றின் சமையலறையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த குழாயைத் திருகிப் பார்த்தாராம். தண்ணீர் வரவில்லை. "அலமாரியில் தட்டு இருக்கிறது, கட்டிலில் மெத்தை இருக்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை. அந்த வீட்டில் யார் குடியிருப்பார்கள் என்று அன்றைக்கே எனக்கு ஒரு மாதிரி இருந்தது" என்றார். அந்த நாவலின் பயம் முழுவதும் அந்தக் குழாயில் இருக்கிறது. நான் இரண்டு முறை படித்தும் எட்டாத இடம் அது.

பேய்களின் தலைவன் பழைய சிறையின் அதிகாரி என்ற இடத்துக்குக் கதை வந்தது. அப்போது அம்மா கேட்டார்: "அந்தப் பேய்க்கு என்ன வேண்டுமாம்?"

நான் யோசித்தேன். கைதிகளை ஓயாமல் வேலை செய்ய வைத்தால் மனம் திருந்திவிடும் என்று நம்பியவன் அவன். செத்த பிறகும் அதையே செய்துகொண்டிருக்கிறான். "வேலை வாங்க வேண்டுமாம்" என்றேன்.

அம்மா சிரித்த சிரிப்பில் கண் கட்டு நனைந்துவிடுமோ என்று பயந்துபோனேன். "செத்த பிறகும் கங்காணியா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். 14 வயதிலிருந்து 30 ஆண்டுகளுக்கும் மேல் ரப்பர் தோட்டத்தில், கங்காணியின் மேற்பார்வையில் பால்மரம் வெட்டியவர். அவர் சிரித்த இடத்தில் அந்த ஆசிரியர் சிரிக்கத்தான் வைத்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிரிப்பு அங்கே இருந்தது உண்மை. அந்த நாவலின் கடைசிப் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டமும் இரத்தமுமாக மாறி, மற்றப் பேய்க்கதைகளைப் போலவே ஆகிவிடுகிறது. அம்மாவும் அந்தப் பகுதியில் தூங்கிவிட்டார்.

அதன் பிறகு எந்தக் கதை சொன்னாலும் அதே கேள்வி வந்தது. பினாங்கில் வாழ்கிறவர்களுக்கு இது இயல்பான கேள்விதான். சீன நாட்காட்டியின் ஏழாவது மாதம் வந்தால் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் பசித்த பேய்களுக்குச் சோறும் ஆரஞ்சும் வைத்து ஊதுபத்தி ஏற்றுவார்கள். தெருவில் பாட்டு மேடை போட்டு, முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அது பேய்கள் உட்காரும் வரிசை. தெரியாமல் யாராவது குழந்தை ஓடிப்போய் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஓடிவந்து தூக்கிக்கொள்வார். அங்கே பேய் என்றால் பசி. பசி என்ன என்று தெரிந்தால் படையல் என்ன என்று தெரிந்துவிடும்.

டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிச்ஹைக்கர்ஸ் கைட் டு த கேலக்ஸி'யை நான் மிகுந்த நம்பிக்கையோடு தொடங்கினேன். 1978-இல் பிபிசி வானொலியில் நாடகமாக வந்து, 1979-இல் நாவலானது. காதால் கேட்பதற்கென்றே பிறந்த கதை. உலகில் இந்த வகையில் இதைவிடச் சிரிக்க வைத்த புத்தகம் இல்லை என்பார்கள். நானும் பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். தொடக்கம் இதுதான்: ஆர்தர் டென்ட் என்ற ஆங்கிலேயர் காலையில் எழுந்து பார்க்கிறார், புறவழிச்சாலை போடுவதற்காக அவர் வீட்டை இடிக்க இயந்திரம் வந்து நிற்கிறது. அதன் முன் சேற்றில் படுத்துக்கொள்கிறார். திட்டத்தை முறைப்படி மக்கள் பார்வைக்கு வைத்திருந்தோமே என்கிறார் அதிகாரி. எங்கே வைத்திருந்தார்கள்? நிலவறையில், விளக்கு இல்லாத இடத்தில், பயன்படுத்தாத கழிவறைக்குள், பூட்டிய அலமாரியின் அடித்தட்டில். கதவில், 'சிறுத்தை இருக்கிறது, எச்சரிக்கை' என்ற பலகை வேறு. சற்று நேரத்தில் வானத்தில் வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல்கள் வந்து நிற்கின்றன. விண்வெளிச் சாலை ஒன்று போடப் பூமியையே இடிக்கப் போகிறோம், திட்டம் 50 ஆண்டுகளாக ஆல்பா சென்டாரியில் பார்வைக்கு இருந்தது, வந்து பார்க்காதது உங்கள் தவறு என்கிறார்கள். அந்த நட்சத்திரம் இங்கிருந்து 4 ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது.

நான் சொல்லி முடித்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "அவர்களுக்கு என்ன வேண்டுமாம்?" என்றார். "சாலை வேண்டுமாம்" என்றேன். வெகுநேரம் பேசவில்லை. கெக் லோக் சி கோயில் விளக்குகள் மலைமேல் தெரிந்துகொண்டிருந்தன.

தென் கெடாவில் நான் பிறந்த தோட்டம் 1994-இல் வீட்டுமனைகளுக்காக விற்கப்பட்டது. எனக்கு அப்போது 15 வயது. ஒருநாள் லாரி வந்தது, சாமான்களை ஏற்றினோம் என்பது மட்டுமே நினைவு. அம்மா அன்றிரவு சொன்னதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆபீசு வாசல் பலகையில் மூன்று மாதமாக ஒரு தாள் ஒட்டியிருந்ததாம். தட்டச்சு செய்த தாள். பால் ஸ்டோருக்குப் போகும்போதும் வரும்போதும் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போவார்களாம். மழைச்சாரல் பட்டு மேலே ஓரம் சுருண்டிருந்ததாம். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. கடைசி வாரம் தோட்டத்து எழுத்தரான கிராணி, "அறிவிப்பு போட்டிருந்தோமே" என்றாராம். "அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேலை போனது" என்றார் அம்மா.

ஆர்தர் டென்ட் சேற்றில் படுத்த பக்கத்தை அன்றிரவு மறுபடி எடுத்துப் படித்தேன். அது சிரிப்புத்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் இருப்பவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி மெய்யாகவே கடமையைச் செய்கிறார். வோகன் மெய்யாகவே எரிச்சல்படுகிறான். ஆர்தருக்கு அது மெய்யாகவே வீடு. இந்த வகைப் புத்தகங்களில் நல்லதையும் கெட்டதையும் நான் இப்போது பிரிப்பது இந்த இடத்தில்தான். பாத்திரங்களே தம்மை வேடிக்கையாக நினைத்துக்கொண்டு வாசகரைப் பார்த்துக் கண் சிமிட்டும் நாவல்களை நான் 50 பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை.

மறுநாள் அம்மாவே அந்தக் கதையைத் தொடரச் சொன்னார். விண்வெளியில் பயணம் போகிறவன் கையில் கட்டாயம் ஒரு துண்டு இருக்க வேண்டும் என்று அதில் வரும். குளிருக்குப் போர்த்தலாம், மணலில் விரித்துப் படுக்கலாம், நனைத்துச் சண்டைக்கும் பயன்படுத்தலாம் என்று பட்டியல் போகும். துண்டு வைத்திருப்பவனைப் பார்த்தால் மற்றவர்களுக்கு நம்பிக்கை வரும், மற்ற சாமான்களையும் கடன் கொடுப்பார்கள் என்றும் இருக்கும். அம்மா இதைக் கதையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "உண்மைதானே" என்றார். பிறகு தம் பங்குக்கு அடுக்கினார்: வெட்டுக்குப் போகும்போது தலையில் கட்டலாம். காண்டாக் கழியில் பால் வாளி தூக்கும்போது தோளில் மடித்துப் போடலாம். விறகு சுமக்கச் சும்மாடு கோலலாம். ஆயாக் கொட்டகையில் பிள்ளைக்கு ஏணை கட்டலாம். கொசுவுக்கு வீசலாம். திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில் சன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிக்கலாம். கடைசியாக, "செத்தவர் முகத்தை மூடலாம்" என்றார். ஆடம்ஸ் 2001 மே மாதம் 49 வயதில் இறந்தார். இரண்டு வாரம் கழித்து மே 25 அன்று அவருடைய வாசகர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அந்த நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள் என்று சொன்னேன். இந்த ஆண்டு மே 25 அன்று வேலைக்குக் கிளம்பும்போது அம்மா என் பையில் ஒரு சிறிய துண்டை மடித்து வைத்திருந்தார்.

போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் (1921–2006) எழுதிய இயோன் டிக்கி என்ற விண்வெளிப் பயணியின் கதைகளுள் ஏழாவது பயணம் என்று ஒன்று உண்டு. அம்மா மிக அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான். பட்டாணி அளவு விண்கல் பட்டுக் கப்பலின் சுக்கான் பழுதாகிவிடுகிறது. சரி செய்ய இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் போல்ட்டைப் பிடிக்க, ஒருவர் நட்டை முறுக்க. கப்பலிலோ டிக்கி ஒருவர்தான். அப்போது கப்பல் காலச்சுழலில் மாட்டிக்கொள்கிறது. திங்கட்கிழமை டிக்கியும் செவ்வாய்க்கிழமை டிக்கியும் ஒரே நேரத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். ஆள் பற்றாக்குறை தீர்ந்தது என்றுதானே நினைப்போம்? அவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். நாளுக்கு ஒருவராக ஆட்கள் பெருகப் பெருகச் சண்டையும் பெருகுகிறது. கூட்டம் போடுகிறார்கள், தலைவர் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டுகிறார்கள். கடைசியில், சிறு வயது டிக்கிகள் இருவர் ஒரே விண்வெளி உடைக்குள் புகுந்து வெளியே போய்ச் சுக்கானைச் சரி செய்துவிட்டு வந்துவிடுகிறார்கள். பெரியவர்களின் கூட்டம் அப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

அம்மா எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டியை நினைத்துக்கொண்டார். தேர்ச்சக்கரத்தின் அச்சாணி கழன்று நின்ற ஓர் ஆண்டில், பெரியவர்கள் யார் பொறுப்பு என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பையன்கள் இருவர் கொய்யாக் கொம்பைச் செதுக்கிச் செருகித் தேரை நகர்த்தினார்களாம். எனக்கு அந்தக் கதை வேறு காரணத்தால் பிடிக்கும். தொழிற்சாலையில் நான் செய்வது சோதனை வேலை. ஒரு பலகையில் பிழை என்றால் இரவு வேலைக்காரர்கள் பகலைச் சொல்வார்கள், பகல்காரர்கள் இரவைச் சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை என்னைத் திங்கட்கிழமை நானே நம்பாத நாட்கள் எனக்கும் உண்டு. கால இயந்திரம் பற்றிய எத்தனையோ கனமான நாவல்கள் எனக்குக் காட்டாத ஒன்றை லெம் ஒரு நட்டையும் போல்ட்டையும் வைத்துக் காட்டிவிட்டார்.

தம்பி மகன் பொலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் பரிந்துரைத்தது 'ஜான் டைஸ் அட் த எண்ட்'. ஜேசன் பார்ஜின், டேவிட் வோங் என்ற புனைபெயரில் 2001 முதல் இணையத்தில் இலவசமாக எழுதியது. உடலுக்குள் போனால் வேறு உலகங்கள் தெரியும் ஒரு போதைப்பொருள் அதில் வருகிறது. அதன் பெயர் சோயா சாஸ், இங்கே நாங்கள் கிச்சாப் என்பது. "கிச்சாப்பா?" என்று அம்மா இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். மூன்றாம் நாள், "இது குடித்தவன் சொல்கிற கதை, வேறு சொல்" என்று நிறுத்திவிட்டார். அவன் விடவில்லை. "அப்பாயி, அதன் அழகே அதுதான்! எப்போது என்ன வரும் என்று தெரியாது" என்று வாதாடினான். நான் இதில் அம்மா பக்கம். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற கதையில் எது நடந்தாலும் எனக்குப் பயம் வருவதில்லை.

டெர்ரி பிராட்செட்டைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருந்தது. 1983-இல் தொடங்கிய அவருடைய டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 நாவல்கள். அவற்றில் மரணம் ஓர் ஆள். எலும்புக்கூடு, கையில் அரிவாள், வெள்ளைக் குதிரை. அவர் பேசுவது எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். படிக்கும்போதே மண்டைக்குள் கல் உருளும். தமிழில் பெரிய எழுத்து ஏது? நான் குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அம்மா, "எமன்தானே? அவர் அப்படிப் பேச மாட்டார். அவசரமே இல்லாதவர் சாதாரணமாகத்தான் பேசுவார்" என்று திருத்தினார். அதன்படி சாதாரணமாகச் சொன்னபோது கூடத்தில் குளிர்ந்தது. 1987-இல் வந்த 'மார்ட்' நாவலில் மரணம் ஒரு பையனை வேலை பழக எடுத்துக்கொள்கிறார்; அவனைக் கூட்டிக்கொண்டு கறி சாப்பிடப் போகிறார். குதிரையின் பெயர் பிங்கி. "அவருக்கு என்ன வேண்டுமாம்?" என்ற கேள்விக்கு இங்கே எனக்கு விடை தெரிந்திருந்தது: மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். அம்மா சற்று நேரம் கழித்து, "பாவம்" என்றார். அப்பா போன ஆண்டுக்குப் பிறகு எமனைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை.

எங்கள் தளத்தில் மூன்று கதவு தள்ளி ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் இருக்கிறார். எங்கள் வீட்டுக் கதை நேரம் அவர் காதுக்கும் போயிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பேயின் பசியைப் பற்றி வெள்ளைக்காரனிடம் போய்க் கேட்கிறாயே அம்மா" என்று சொல்லி 'கலிங்கத்துப்பரணி' உரைப் பதிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளியில் இரண்டு பாடல் படித்ததோடு சரி. உட்கார்ந்து படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. முதலாம் குலோத்துங்கனின் படை கலிங்கத்தை வென்றதைப் பாட வந்த சயங்கொண்டார், போருக்கு முன்னும் பின்னும் பேய்களைத்தான் பேச விடுகிறார். காளியின் பேய்கள் பசியால் மெலிந்து கிடக்கின்றன. இமயத்திலிருந்து வந்த ஒரு முதுபேய் இந்திரசாலம் காட்டுகிறது. யானைத் துதிக்கைகளும் இரத்த ஆறும் கண்முன் தோன்ற, பசித்த பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறுங்கையால் அள்ளி அள்ளி வாயில் வைக்கின்றன. ஒன்றும் இல்லை. பிறகு உண்மையான போர் முடிந்ததும் களத்தில் கூழ் சமைக்கின்றன. பல்லே அரிசி, முரசே உரல், யானைத் தந்தமே உலக்கை. குத்தும்போது வள்ளைப்பாட்டு வேறு. பந்தியில் சமணப் பேய்க்கு மயிர் இல்லாமல் வடிகட்டி ஊற்றச் சொல்லி உபசாரம். ஊமைப் பேய் கையால் சாடை காட்டிக் கேட்கிறது.

900 ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது. இதில் பயமும் சிரிப்பும் தனித்தனிப் பாத்திரத்தில் இல்லை. அம்மாவுக்கு அந்தப் பந்திப் பகுதியை வரிக்கு வரி வாசித்துப் பொருள் சொன்னேன். சமணப் பேய் இடத்தில் சிரித்தார். வெறுங்கை இடத்தில், "ஜப்பான்காரன் காலத்தில் என் அம்மா இப்படித்தான் கனவு கண்டேன் என்பார். மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டே சோறு தின்பதாகக் கனவு" என்றார். விசித்திரக் கதைகள் வெளியிலிருந்து வந்த சரக்கு என்று இத்தனை நாள் எனக்குள்ளேயே ஓர் எண்ணம் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

மலேசியாவில் பிறந்து வளர்ந்து இங்கிலாந்தில் வாழும் ஸென் சோ என்ற எழுத்தாளரை இந்த வரிசையில் யாரும் விட்டுவிடக் கூடாது. 2014-இல் வந்த அவருடைய 'ஸ்பிரிட்ஸ் அப்ராட்' தொகுப்பில் 'தி ஹவுஸ் ஆஃப் ஆண்ட்ஸ்' என்று ஒரு கதை. ஆ லீ என்ற பள்ளி மாணவி செத்துப்போய், பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண் பேய் ஆனவள். அதேபோல் செத்தும் சாகாத பெரியம்மா, சின்னம்மா, பாட்டிகளோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அவர்கள் மனித ஈரலும் குடலும் சமைக்கிறார்கள். அதே வாயால், ஒழுங்காகப் படி, பையன்களோடு பேசாதே என்று கண்டிக்கிறார்கள். வகுப்பில் ஒரு பையனை அவளுக்குப் பிடித்துவிடுகிறது. வீட்டுப் பெண்களுக்கு அவன் மருமகனா சாப்பாடா என்பதே கேள்வி.

அம்மா இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம் ஊர்க்காரப் பிள்ளை எழுதியதா?" என்று கேட்டார். பிறகு கதையை நிறுத்தி நிறுத்தித் தமக்குத் தெரிந்ததைச் சேர்த்தார். பிடரியில் ஆணி அடித்தால் பொந்தியானாக் பெண்ணாகிக் குடும்பம் நடத்துவாள் என்றார். பெனாங்கலான் வேறு என்றார். தலையும் குடலும் மட்டும் பறந்து வரும், பிள்ளை பெற்ற வீட்டைத் தேடும், குடல் சிக்கிக்கொள்ளட்டும் என்று முள் தாழை இலையை வீட்டைச் சுற்றிக் கட்டுவார்கள். திரும்பிப் போனதும் உப்பிய குடலைக் காடிப் பானையில் ஊறவைத்துச் சுருக்கினால்தான் உடம்புக்குள் மறுபடி நுழைய முடியுமாம். "தினமும் அதற்கு எத்தனை வேலை பார்" என்றார். உண்மையான பரிவோடு சொன்னார்.

அதே ஸென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' 2021-இல் வந்த நாவல். பினாங்கிலேயே நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து பெற்றோரோடு திரும்பி வரும் பெண்ணின் காதுக்குள் செத்துப்போன பாட்டி பேசத் தொடங்குகிறார். பாட்டிக்கு என்ன வேண்டுமாம்? தாம் சாமியாடிய சிறிய கோயிலை இடித்துக் கட்டடம் கட்ட வருகிறவனைத் தடுக்க வேண்டுமாம். நான் இதைச் சொன்ன இரவில் அம்மா கேள்வியே கேட்கவில்லை. எங்கள் தோட்டத்து முனீஸ்வரர் மரத்தடியில் இருந்த சூலத்தை அப்பா பிடுங்கி, சாக்கில் சுற்றி, லாரியில் சமையல் சாமான்களுக்கு நடுவில் வைத்தது எனக்கும் நினைவு வந்தது. அந்தச் சூலம் இப்போது தம்பி வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை நான் சோர்ந்து வந்தேன். புதுப் புத்தகம் எதுவும் இல்லை. "இன்றைக்கு நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்றேன். விளக்கை அணைக்கச் சொன்னார். தண்ணீர் குடித்தார்.

அவர் வெட்டுக்குச் சேர்ந்த புதிதில், தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் விடியற்காலை இருட்டில் கங்காணி தலை எண்ணுவாராம். பேரேட்டில் 40 பேர். எண்ணினால் 41. மறுபடி எண்ணினால் 41. பேர் சொல்லிக் கூப்பிட்டால் 40 குரல்தான் வரும். மழைக்காலம் முழுவதும் இப்படியே நடந்ததாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம், பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று. கங்காணிக்குக் கணக்கு உதைத்ததால் அவருக்குப் பயத்தைவிடக் கவலை அதிகம். ஒருநாள் பொறுக்க முடியாமல், "யாரப்பா அது, உனக்கு என்ன வேண்டும்?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டே விட்டாராம்.

"என்ன வேண்டுமாம்?" என்றேன்.

"பேர் போட வேண்டுமாம். செத்த அன்றைக்குப் பாதி நிரை மரம் வெட்டியிருந்தானாம். அதற்குப் பேர் போடவில்லையாம்."

"கங்காணி என்ன செய்தார்?"

"பேரேட்டைப் பிரித்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, அரை நாள் என்று எழுதினார். மறுநாள் எண்ணினால் 40."